கோபுரம் தெரிகிறது, வாசல் எங்கே? லட்லோ ஆலயம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற வாசகர்கள், லண்டனைப் பார்த்து முடித்ததும் சின்ன ஊர்களின் பழைய ஆலயங்களைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பல, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் பகுதியின் லட்லோ நகரையும் அங்குள்ள புனித லாரன்ஸ் ஆலயத்தையும் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: மகன் பர்மிங்ஹாமில் இருக்கிறான். ஒரே நாளில் லட்லோ போய்த் திரும்ப முடியுமா? ஆலயத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: தாராளமாக முடியும். பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஷ்ரூஸ்பரி போய், அங்கே ஹெரிஃபோர்ட் பக்கம் போகும் ரயிலுக்கு மாறுங்கள். ஷ்ரூஸ்பரியிலிருந்து லட்லோ ஏறக்குறைய அரை மணி நேரம். மாறுவதற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லட்லோ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, மேட்டு வழி. தூரத்தில் எங்கிருந்து பார்த்தாலும் கோபுரம் தெரியும். ஊருக்குள் நுழைந்ததும் காணாமல் போய்விடும். ஆலயத்தைச் சுற்றிலும் வீடுகளும் கடைகளும் நெருக்கிக் கட்டியிருப்பதால், கடைத்தெருவில் நின்றபடி அதைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிராட் ஸ்ட்ரீட்டின் மேல்முனையில் பட்டர்கிராஸ் என்ற மணிக்கூண்டுக் கட்டடம் இருக்கிறது. அதன் பின்பக்கச் சந்தில் புகுந்தால் ஆலய வாசல்.

உள்ளே இரண்டு மணி நேரம், கோபுரம் ஏறுவதாக இருந்தால் இன்னும் அரை மணி. ஆலயத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, காணிக்கைப் பெட்டி உண்டு. கோபுரத்துக்குத் தனிச் சீட்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் ஆலயத்தின் இணையப் பக்கத்தில் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். இது அருங்காட்சியகம் கிடையாது, வழிபாடு நடக்கிற ஆலயம். திருமணம், அடக்க ஆராதனை, கச்சேரி என்று எது நடந்தாலும் பார்வையாளருக்குக் கதவு சாத்தப்படும். சனிக்கிழமை பிற்பகலைத் தவிர்ப்பது நல்லது. திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் கோட்டைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் சந்தை கூடும். அதையும் பார்க்க விரும்பினால் புதன் அல்லது வெள்ளி போங்கள்.

கேள்வி: செருப்பைக் கழற்ற வேண்டுமா? தலையில் முக்காடு? படம் எடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: செருப்போடுதான் போக வேண்டும். கழற்றினால் கல் தரையின் குளிர் தாங்காது. ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது மரியாதை, பெண்களுக்கு முக்காடு தேவையில்லை. தரையில் பதித்த கற்களில் பெயரும் ஆண்டும் இருந்தால் அவை கல்லறைக் கற்கள். மிதிக்கிறோமே என்று பதற வேண்டாம், வேறு வழியே இல்லாதபடிதான் பதித்திருக்கிறார்கள். எழுத்து தேய்ந்துபோன கல்லை மட்டும் விலகி நடந்தால் போதும். ஆராதனை இல்லாத நேரத்தில் ஃபிளாஷ் போடாமல் படம் எடுக்கலாம். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும், தடித்த கல் சுவர் வெயிலை உள்ளே விடாது.

கேள்வி: கண்ணாடி ஜன்னல்கள் பிரமாதம் என்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது?
– வாசகர், மதுரை

பதில்: இங்கே வரிசையைத் தீர்மானிப்பது சூரியன். இடைக்கால ஆலயங்களில் பலிபீடம் கிழக்கே இருக்கும். லட்லோவில் முக்கியமான மூன்று ஜன்னல்களும் கிழக்கு பார்த்தவை: நடுவில் பலிபீடத்துக்குப் பின்னால் புனித லாரன்ஸ் ஜன்னல், வடக்குச் சிற்றாலயத்தில் யாத்ரீகர் ஜன்னல், தெற்கே மாதா சிற்றாலயத்தில், இயேசுவின் முன்னோரான ஈசாயின் வம்ச மரம். எனவே திறந்தவுடன் போய் இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் வெளிச்சம் மேற்கே போய்விடும், கிழக்குக் கண்ணாடி மங்கும். நேரடி வெயிலைவிட, வெளுத்த மேகம் மூடிய காலை இன்னும் நல்லது. வெளிச்சம் ஒரே சீராக விழுவதால் சின்ன முகங்கள்கூடத் துல்லியமாகத் தெரியும். மழை நாள் என்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

லாரன்ஸ் ஜன்னல் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 27 காட்சிகள். லாரன்ஸ் ரோம் நகரத் திருச்சபையின் திருத்தொண்டர். சபையின் செல்வத்தைக் கொடு என்று அதிகாரி கேட்டபோது ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தி, இவர்கள்தான் செல்வம் என்றவர். 258-இல் இரும்புத் தட்டியில் கிடத்திச் சுட்டுக் கொன்றார்கள் என்பது மரபு. அந்தத் தட்டியைத் தேடிப் பிடித்துவிட்டால் மற்றக் காட்சிகள் தாமாகப் பிடிபடும். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்கட்டும்: 1828-க்கும் 1832-க்கும் இடையில் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ் இந்த ஜன்னலைப் பெருமளவு பழுதுபார்த்தார். பளிச்சென்று வழவழப்பாக இருக்கிற நிறமெல்லாம் ஐந்நூறு ஆண்டுப் பழசு என்று நம்பிவிடாதீர்கள். வரைவு பழையது, கண்ணாடியில் நிறைய 19-ஆம் நூற்றாண்டினுடையது.

நம் பரிந்துரை யாத்ரீகர் ஜன்னல். அதில் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் பிச்சைக்காரர் ஒருவருக்கு மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறார். பிச்சைக்காரராக வந்தவர் புனித யோவான். பிறகு புனித பூமிக்கு யாத்திரை போன லட்லோக்காரர்கள் இருவரிடம் யோவான் அந்த மோதிரத்தைக் கொடுத்து, மன்னரிடம் சேர்க்கச் சொல்லி, அவருடைய மரணத்தையும் முன்னறிவிக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், எட்வர்ட் இறந்தது 1066 ஜனவரியில். லட்லோ என்ற நகரம் அமைந்தது அதற்குப் பிறகுதான். எங்கோ வழங்கிய கதையில் தங்கள் ஊர்ப் பெயரைச் செருகி, அதைக் கண்ணாடியிலும் தீட்டிவைத்தவர்கள் யார், ஏன் என்பதற்குப் பதில் கீழே வருகிறது.

ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள், எட்டு மடங்கு பெருக்கும் சின்னது போதும். மேல் வரிசைக் காட்சிகளும், கூரைச் சட்டங்கள் சேரும் இடத்தில் உள்ள குமிழ்ச் சிற்பங்களும் வெறும் கண்ணுக்கு எட்டாதவை. கைப்பேசியில் படம் எடுக்கும்போது திரையில் கண்ணாடியின் பிரகாசமான பகுதியைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். விட்டுவிட்டால் கேமரா சுவரின் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு ஜன்னலை வெள்ளைத் திட்டாக்கிவிடும்.

கேள்வி: பாடகர் இருக்கைகளுக்கு அடியில் பேய்களும் குடிகாரர்களும் செதுக்கியிருப்பதாகப் படித்தேன். ஆலயத்தில் எப்படி அனுமதித்தார்கள்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உட்காரும் பலகைக்கு அடியில் இருப்பதால்தான். மிசரிகார்டு என்று இவற்றுக்குப் பெயர். குருக்கள் நாள்தோறும் பல வேளை ஜெபங்களை நின்றுகொண்டே பாட வேண்டும். வயதானவர்களுக்குக் கால் கடுக்கும். ஆகவே இருக்கைப் பலகையைக் கீல் வைத்து மேலே மடக்கும்படி செய்தார்கள். மடக்கினால் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். நிற்பது போலத் தெரியும், உடல் பாரம் அந்த விளிம்பில் இறங்கியிருக்கும். ஆளின் எடையைத் தாங்க வேண்டுமே என்று பலகை, விளிம்பு, அதைத் தாங்கும் சிற்பம் எல்லாவற்றையும் ஒரே ஓக் மரத் துண்டில் குடைந்திருப்பார்கள். ஒட்டிய சிற்பமாக இருந்தால் எப்போதோ பெயர்ந்திருக்கும். உட்கார்ந்தால் மறையும், நின்றால் அங்கியில் மறையும் இடம் என்பதால் தச்சனுக்குச் சுதந்திரம் கிடைத்தது.

லட்லோவில் இப்படி 28 இருக்கைகள், 15-ஆம் நூற்றாண்டு வேலை. 1447-இல் கூடுதல் இருக்கைகளுக்குப் பலகை வாங்கிய செய்தியும் பதிவாகியிருக்கிறது. எல்லோரும் தேடுவது பீர்க்கடைக்காரியை. பீரை அளவு குறைத்து விற்ற பெண், கொம்பு போல் எழும்பிய ஆடம்பரத் தலையணியோடும் கையில் மோசடிக் குவளையோடும் ஒரு பேயின் தோளில் தொங்குகிறாள். வேறொரு பேய் பைக்குழல் ஊதி வரவேற்கிறது. ஒரு பக்கத்தில் இன்னொரு பேய் அவள் பாவக் கணக்கைச் சுருளிலிருந்து வாசிக்கிறது. மறுபக்கத்தில் நரகம் வாயைப் பிளந்து காத்திருக்கிறது. நடுவில் உள்ளதை மட்டும் பார்த்துவிட்டு நகர்பவர்கள் பாதிக் கதையைத் தவறவிடுகிறார்கள். இருபுறமும் உள்ள சின்னச் சிற்பங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆயர் வேடம் போட்ட நரி வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்யும் இருக்கை ஒன்று உண்டு. யாரோ ஒரு குருவானவர் அதன் மேல் சாய்ந்துகொண்டு பாடியிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் நெருப்பருகே கையை நீட்டிக் குளிர்காயும் மனிதர் இருக்கிறார், பக்கத்தில் சமையல் பானை. கடற்கன்னி, ஆந்தை, மல்யுத்தக்காரர்கள் உண்டு. சங்கிலி பூட்டிய வெண்மான், பூட்டோடு கூடிய பருந்து போன்றவை அரசியல் சின்னங்கள். முன்னது இரண்டாம் ரிச்சர்ட் மன்னருடையது, பின்னது யார்க் வம்சத்தினுடையது. லட்லோ கோட்டை அப்போது யார்க் வம்சத்தின் கையில் இருந்தது.

பார்க்கும் முறை: முழங்கால் மடக்கிக் குனிய வேண்டும், இடுப்பு வலி உள்ளவர்கள் கைப்பேசியைத் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விழவிட்டால் குடைவு தெரியும், நேர் எதிரே பிடித்தால் தட்டையாகிவிடும். கீழே மடங்கியிருக்கும் பலகையைத் தூக்குமுன் அங்குள்ள தன்னார்வலரைக் கேளுங்கள். அனுமதித்தால் இரண்டு கையாலும் தூக்கி, இரண்டு கையாலும் இறக்குங்கள். நழுவி விழுந்தால் முதலில் உடைவது கீல், அடுத்தது மூக்கு.

கேள்வி: எனக்கு 62 வயது, சர்க்கரையும் லேசான முழங்கால் வலியும் உண்டு. கோபுரம் ஏறலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உயரம் 135 அடி, படிகள் 200. எண்ணிக்கை பயப்படும்படி இல்லை, சிக்கல் படியின் வடிவத்தில். சுழல் படிக்கட்டில் நடுத் தூணை ஒட்டிய பக்கம் படி குறுகிப் பெருவிரல் அளவாகிவிடும். வெளிச்சுவர்ப் பக்கம்தான் பாதம் முழுதாகப் பதியும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பக்கத்தை விடாதீர்கள். ஏறுவது மூச்சைச் சோதிக்கும், இறங்குவது முழங்காலை. ஏறி முடித்த தெம்பில் வேகமாக இறங்குபவர்களுக்குத்தான் மூட்டு பிடித்துக்கொள்கிறது. தலை சுற்றும் வழக்கம் உள்ளவர்கள், நடைக்கே மூச்சு வாங்குபவர்கள் கீழேயே இருந்துவிடுவது நல்லது. நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வருபவர் தாண்டிப் போக இடமில்லை.

வழுக்காத ரப்பர் அடி ஷூ, முன்பக்கமாக மாட்டிய சின்னப் பை. சேலை வேண்டாம், கொசுவம் படியில் மாட்டும், உச்சியில் காற்றும் பலமாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், பையில் இரண்டு பிஸ்கட் இருக்கட்டும். ஏறத் தொடங்குமுன் மேலே இருந்து யாராவது இறங்குகிறார்களா என்று குரல் கொடுத்துக் கேளுங்கள். மணி அடிக்கப்போகும் நேரத்தையும் விசாரியுங்கள். மணிக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் காது அடைத்துவிடும். ஆங்கிலேய முறையில் பெரிய மணி தலைகீழாக நின்று முழு வட்டம் சுற்றி அடிக்கும், அந்த வேகத்தில் கோபுரமே மெல்ல அசையும். அப்போது யாரையும் மேலே விடமாட்டார்கள்.

மேலே போனால் கோட்டை, கிளீ குன்றுகள், மேற்கே வேல்ஸ் மலைகள். மழை பெய்து ஓய்ந்த உடனே ஏறாதீர்கள், கல் வழுக்கும்.

கேள்வி: இவ்வளவு பெரிய கட்டடம், ஆனால் இது கதீட்ரல் இல்லையாமே? சின்ன ஊருக்கு இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?
– வாசகர், திருச்சி

பதில்: கதீட்ரல் என்பது ஆயரின் ஆசனம் இருக்கும் ஆலயம், அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லட்லோவுக்கான ஆயர் ஹெரிஃபோர்டில் இருக்கிறார். இது பங்கு ஆலயம், அதாவது ஊர் மக்களுடையது.

பணம் கம்பளியிலிருந்து வந்தது. வேல்ஸ் எல்லைப் பகுதி ஆட்டுக் கம்பளிக்கு ஐரோப்பாவில் நல்ல விலை. 13-ஆம் நூற்றாண்டில் லட்லோவின் லாரன்ஸ் என்ற வணிகர் மன்னருக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். ஊரில் பால்மர்ஸ் கில்டு என்ற யாத்ரீகர் சங்கம் உருவானது. உறுப்பினர் சந்தா கட்டினால், இறந்தபின் அவர் ஆன்மாவுக்காகச் சங்கத்தின் குருக்கள் பாடித் திருப்பலி நிறைவேற்றுவார்கள். சந்தா வசூலிக்க ஆட்கள் வெளியூர்களுக்கெல்லாம் போனார்கள். சங்கத்திடம் வீடும் நிலமும் குவிந்தன. குருக்கள் குழு ஒன்று நிரந்தரமாகப் பாடியதால்தான் ஒரு பங்கு ஆலயத்தில் மடாலயம் போல 28 பாடகர் இருக்கைகள். யாத்ரீகர் ஜன்னலும் இந்தச் சங்கத்தின் விளம்பரம்தான். மன்னரின் மோதிரத்தையே எங்கள் ஊர்க்காரர் கொண்டுவந்தார் என்றால் சந்தா கட்டத் தயங்குவார்களா?

1199-இல் பழைய கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார்கள். இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி 15-ஆம் நூற்றாண்டு. தெற்கு நுழைவாயில் மண்டபம் அதற்கு முந்தியது, அறுகோண வடிவம். இங்கிலாந்தில் இந்த வடிவம் மிக அரிது, உள்ளே போகும் அவசரத்தில் பலர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மதச் சீர்திருத்தத்தில் ஆன்மாக்களுக்கான திருப்பலிக்கு இடமில்லாமல் போனது. 1551-இல் சங்கம் கலைந்து, அடுத்த ஆண்டு அதன் சொத்து நகராட்சிக்குப் போனது.

கேள்வி: ஆர்தர் இளவரசரின் இதயம் அங்கே புதைக்கப்பட்டது உண்மையா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அது ஊர் மரபு. உறுதியானது இவ்வளவு: ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், அரகானின் கேத்தரினை மணந்து லட்லோ கோட்டைக்கு வந்து, 1502 ஏப்ரல் 2-இல் 15 வயதில் இறந்தார். உடல் வூஸ்டர் பேராலயத்தில் இருக்கிறது. அவர் பிழைத்திருந்தால் தம்பி எட்டாம் ஹென்றிக்கு அரியணையும் கிடைத்திருக்காது, கேத்தரினும் மனைவியாகியிருக்க மாட்டார். வெளியே வடக்குச் சுவரில் கவிஞர் ஏ.இ. ஹவுஸ்மனின் நினைவுப் பலகை இருக்கிறது. 1936-இல் இறந்த அவருடைய சாம்பல் அங்கேதான் புதைக்கப்பட்டது. உள்ளே தேடிப் பயனில்லை.

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. சபையினர். ஞாயிறு ஆராதனையில் திருவிருந்து எடுக்கலாமா? கிறிஸ்தவர் அல்லாத என் மருமகள் என்ன செய்வாள்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: எடுக்கலாம். ஞானஸ்நானம் பெற்று, தன் சபையில் திருவிருந்து எடுக்கும் எவரையும் இங்கிலாந்து திருச்சபை ஏற்கிறது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை அதனோடு ஐக்கியம் உள்ளதும்கூட. கத்தோலிக்கர்களை அவர்கள் திருச்சபையின் ஒழுங்கு தடுக்கிறது. அவர்களும் உங்கள் மருமகளும் விரும்பினால் முன்னே போய்க் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளலாம், குருவானவர் ஆசி மட்டும் கூறுவார். இருக்கையிலேயே இருந்தாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

கேள்வி: லட்லோவுக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு என்றார் நண்பர். ராபர்ட் கிளைவா?
– வாசகர், சென்னை

பதில்: மகன், எட்வர்ட் கிளைவ். இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எட்வர்ட் 1774 முதல் 1794 வரை லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர், 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், அதே ஆண்டு கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் இவர் ஆட்சியில்தான். அவர் மனைவி ஹென்ரியட்டா 1800-இல் வேலூர், ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சாவூர் என்று தென்னாட்டில் நெடும் பயணம் செய்தார்.

ஆலயத்துக்கு வருவோம். அங்குள்ள ஆர்கன் 1764-இல் ஜான் ஸ்னெட்ஸ்லர் செய்தது, பிறகு பெரிதாக்கப்பட்டது. அதை அன்பளிப்பாகக் கொடுத்த பவிஸ் பிரபு ஹென்ரியட்டாவின் தந்தை. ஊர் திரும்பிய எட்வர்டுக்கே பின்னர் பவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது, 1811-இல் லட்லோ கோட்டையையும் அவர் விலைக்கு வாங்கினார். திப்புவின் கூடாரம் உள்ளிட்ட பொருள்களைப் பார்க்க வேண்டுமானால் வெல்ஷ்பூல் ஊரின் பவிஸ் கோட்டைக்குப் போக வேண்டும். ஷ்ரூஸ்பரியில் ரயில் மாறலாம். அதற்குத் தனி நாள் வேண்டும்.

கேள்வி: மதியத்துக்கு மேல் பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஸ்டோக்சே கோட்டை. மேலே சொன்ன கம்பளி வணிகர் லாரன்ஸ் கட்டிய வீடு, 1291-இல் அரண் அமைக்க அரச அனுமதி பெற்றது. லட்லோவிலிருந்து ஷ்ரூஸ்பரி திசையில் அடுத்த நிலையம் கிரேவன் ஆர்ம்ஸ், பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் நடை. அந்த நிலையத்தில் நிற்கும் ரயில்தானா என்று பார்த்து ஏறுங்கள். குளிர்காலத்தில் கோட்டை திறக்கும் நாள்கள் குறைவு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஆலயம், மதியம் ஸ்டோக்சே என்ற வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் கிழக்கு ஜன்னல்களின் வெளிச்சம் போய்விடும்.